எல்லாரும் வைத்துவிட்டுப் போகும் கடை

விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பார்கள். நான் சம்பந்தி வீட்டுக்குப் போனது விருந்துக்கு அல்ல, மிளகாய்க் காம்பு கிள்ள. ஆகவே ஒரு வாரம்கூட இருக்கலாம் என்று வீட்டுக்காரரிடம் சொல்லி, எங்கள் கடைச் சாவியை அவர் கையில் திணித்துவிட்டு உடன்குடியில் பஸ் ஏறினேன்.

சம்பந்தி ஆன கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். என் மகனைத் திருச்செங்கோட்டுப் பக்கம் ஒரு இன்ஜினியரிங் காலேஜில் சேர்த்தோம். அவன் பட்டத்தோடு ஒரு பெண்ணையும் கூட்டிக்கொண்டு வந்தான். பெண் வீட்டாரும் கடைக்காரர்கள் என்று தெரிந்த பிறகு நான் மறுபேச்சுப் பேசவில்லை. பெண்ணின் அம்மா ஈஸ்வரி, மல்லசமுத்திரம் போகிற வழியில் ஒரு சின்ன ஊரில் மளிகைக்கடை நடத்துகிறார். அப்பா பெரியசாமிக்கு இப்போதுதான் கண்ணில் புரை எடுத்திருந்தார்கள். தூசியிலும் மிளகாய் நெடியிலும் உட்காரக் கூடாது. மருமகளோ மாசமாக இருக்கிறாள், பெங்களூரிலிருந்து அலைய முடியாது. தீபாவளி முடிந்த கையோடு ரிக் வண்டிகளுக்குச் சாமான் கட்டும் வேலை வந்துவிடும், ஈஸ்வரி ஒற்றை ஆளாக என்ன செய்வார் என்று அவள் போனில் அழுதாள். "நான் போறேம்மா" என்று முந்திக்கொண்டு சொன்னேன்.

ரிக் வண்டி என்றால் ஆழ்துளைக் கிணறு போடுகிற லாரி; குழாய் ஏற்ற இன்னொரு லாரி கூடவே போகும், இரண்டும் சேர்ந்தது ஒரு செட். திருச்செங்கோட்டைச் சுற்றி வீட்டுக்கொரு வண்டி என்று சொல்லலாம். மழைக்காலத்தில் ஊரில் நிறுத்திப் பழுது பார்ப்பார்கள். மழை விட்டதும் வடக்கே போய்விடுவார்கள், மாதக்கணக்கில் திரும்ப மாட்டார்கள். போகிற ஆட்களுக்கு அங்கே நம் ஊர்ச் சாப்பாடு கிடைக்காது. அரிசி, பருப்பு, புளி, மிளகாய்த்தூள், அப்பளம் வரை எல்லாவற்றையும் கூடவே ஏற்றிக்கொண்டு போக வேண்டும். அதைக் கட்டிக் கொடுக்கிற வியாபாரத்தில்தான் ஈஸ்வரியின் கடை வருஷம் முழுக்க மூச்சு விடுகிறது.

பஸ் பயணத்தைப் பற்றி எனக்கு ஒரு புகார் உண்டு. ஊர்ப் பெயரைச் சொல்லி டிக்கெட் கொடுத்த கண்டக்டர், பைபாஸ் பாலத்து மேல் நிறுத்தி என்னை இறங்கச் சொன்னார்.

"ஊருக்குள்ள போவாதா?"

"பாலம் வந்ததுக்கப்பறம் எந்த வண்டியும் உள்ள போறதில்லீங்கம்மா. படியில எறங்கி அப்படியே நடந்தீங்கன்னா ஊரு வந்துருமுங்க."

"நடக்கதுக்கா டிக்கெட் குடுத்திய?"

"கோவிச்சுக்காதீங்க. எறங்குங்க."

கழுத்தைப் பிடித்துத் தள்ளும்போதும் 'ங்க' போட்டுத் தள்ளுகிற மரியாதையை அங்கேதான் பார்த்தேன். எங்கள் பக்கமாக இருந்தால் இரண்டு ஏச்சு ஏசியிருப்பார், நானும் திருப்பி ஏசியிருப்பேன், மனது லேசாகியிருக்கும். இங்கே கோபத்தை எங்கே போய்க் கொட்டுவது?

ஒரு கையில் கருப்பட்டிப் பை, இன்னொரு கையில் கருவாட்டுப் பை. தூறல் வேறு. முட்டை அட்டைகளை அடுக்கிக் கட்டிய மொபெட் ஒன்று பக்கத்தில் வந்து நின்றது. ஓட்டி வந்தவருக்கு ஐம்பது வயது இருக்கும்.

"யாரூட்டுக்குங்க?"

சொன்னேன்.

"உங்களை ஏத்தறதுக்கு எடமில்லீங்க, முட்டை ஒடஞ்சு போகும். பையைக் குடுங்க, கடைல வெச்சர்றனுங்க."

முன்பின் தெரியாதவரிடம் பத்துக் கிலோ கருப்பட்டியைக் கொடுக்க எனக்கு மனசு வரவில்லை. கை கடுத்ததால் கொடுத்தேன். பிறகு ஊர் வரும் வரை அவரைச் சந்தேகப்பட்டுக்கொண்டே நடந்தேன். போய்ப் பார்த்தால் பை கடை மூலையில் பத்திரமாக உட்கார்ந்திருந்தது. ஒரே ஆறுதல். ஆனால் அந்த மூலையை நன்றாகப் பார்த்ததும் ஆறுதல் போய்விட்டது.

அங்கே ஆன்லைனில் வாங்கிய பார்சல்கள் குவிந்து கிடந்தன. ஆணியில் யார் யார் வீட்டுச் சாவிகளோ தொங்கின. கல்யாணப் பத்திரிகைக் கட்டு ஒன்று, காலிப் பால் கேன்கள், ஒரு தையல் மிஷின், சார்ஜில் போட்ட மூன்று போன்கள். ஈஸ்வரியின் கடை ஊருக்கே பரண் ஆகிவிட்டது.

"இதெல்லாம் யாருது?"

"எல்லாருதும்தாங்க சம்மந்தி. டெலிவரிக்காரரு ஊடு ஊடா எங்க போவாரு? இங்க போட்டுட்டுப் போயிருவாருங்க."

"எல்லாரும் சாமான் வாங்குறதும் இங்கதானா?"

ஈஸ்வரி சிரித்தார். "பீடி, தீப்பெட்டி, பாக்கெட் ஷாம்பு வாங்குவாங்க. திருச்செங்கோட்டு மார்ட்டுல ஏதாச்சும் மறந்துட்டு வந்தாங்கன்னா அதையும் வாங்குவாங்க."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எங்கள் கடையில் ஓசியாக ஒரு கீரைக்கட்டை வைக்க விடமாட்டேன். வாங்குவது மார்ட்டில், வைப்பது ஈஸ்வரி கடையில். ஊருக்கு இளைத்தவன் பிள்ளையார் கோவில் ஆண்டி என்று சும்மாவா சொன்னார்கள்?

அன்றைக்கு ராகிக் களியும் பச்சைப்பயறு கடைசலும். களியை விழுங்க வேண்டும், மெல்லக் கூடாது என்று பெரியசாமி கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டே எனக்குப் பாடம் எடுத்தார். நான் மென்றேன். என் கருவாட்டுப் பையை ஈஸ்வரி மரியாதையோடு வாங்கிக் கொல்லைப்புறத்தில் தொங்கவிட்டார். தேயிலை வாசனையை இழுத்துக்கொள்ளும், கடைக்குள் கருவாடு வரக் கூடாது என்றார். நானும் கடைக்காரிதானே, கோபித்துக்கொள்ளவில்லை.

மறுநாள் காலையிலேயே வேலை தொடங்கியது. கடையின் பின்னறையில் கூரை வரைக்கும் அரிசி மூட்டை. துவரம்பருப்பு, தட்டைப்பயறு, கொள்ளு, எண்ணெய் டின்கள், சாக்குச் சாக்காக மிளகாய். நான் காம்பு கிள்ளினேன். தும்மல் நிற்கவேயில்லை.

"இம்புட்டும் யாருக்கு?"

"குமரேசனுக்குங்க. ரெண்டு செட்டு வண்டி. அவங்கப்பா காலத்துல இருந்து நம்ம கடைதானுங்க."

"அட்வான்ஸ் வாங்கினியளா?"

"பொரி வந்துருச்சுங்களே."

எனக்குப் புரியவில்லை. ஈஸ்வரி விளக்கினார். ஆயுத பூசையன்று வண்டிக்குப் பூசை போட்டதும், வண்டிக்காரர் தட்டில் பொரி, கடலை, வாழைப்பழம் வைத்துக்கொண்டு தானே கடைக்கு வந்து கொடுப்பார். கொடுத்துவிட்டு, "எடுத்து வெச்சுருங்க" என்பார். அவ்வளவுதான் ஆர்டர். பேப்பர் கிடையாது, முன்பணம் கிடையாது. வண்டி கிளம்புமுன் காசைப் பற்றிப் பேசினால் போகிற இடத்தில் தண்ணீர் வராது என்பது இங்கத்து நம்பிக்கை. பொரி வந்தால் கடைக்காரர் கொள்முதலுக்குப் போகலாம். பொரி வரவில்லையென்றால் வண்டிக்காரர் வேறு கடை பார்த்துவிட்டார் என்று அர்த்தம். இந்த வருஷமும் குமரேசன் வந்தார், பொரி கொடுத்தார்.

"எடுத்து வெச்சுருங்கன்னு சொன்னாரா?"

ஈஸ்வரியின் கை நின்றது. "கூட ஆளுக இருந்தாங்க. சிரிச்சுட்டுப் போனாருங்க. சொல்லித்தான் ஆகோணுமுங்களா?"

நான் பொரியை நம்பி ஒரு மூட்டை உப்புக்கூட வாங்கியிருக்க மாட்டேன். ஆனால் ஊருக்கு ஊர் வழக்கம் என்று வாயை மூடிக்கொண்டேன். அரிதாக நடக்கிற காரியம் அது.

பத்து மணி வாக்கில் பழனி என்பவர் வந்தார். எடப்பாடிக்காரர், குமரேசன் வண்டியில் சமையல் வேலை. பீடிக்கட்டு வாங்கியவர் பின்னறையை எட்டிப் பார்த்தார்.

"இது எந்த வண்டிக்குங்க அக்கா?"

"ஏன், உங்க வண்டிக்குத்தான்."

பழனியின் முகம் சுருங்கியது. "அக்கா, உங்களுக்குச் சொல்லலீங்களா? இந்தவாட்டி மார்ட்டுல சொல்லிட்டாருங்க. நாளைக்கு அவங்களே பொட்டி போட்டுக் கொண்டாந்து குடுத்தர்றாங்களாமா."

ஈஸ்வரி மிளகாயைக் கிள்ளிக்கொண்டே இருந்தார். பெரியசாமி உள்ளிருந்து மெதுவாகச் சொன்னார்.

"இதும் போச்சுன்னா கடைய எடுத்துரலாம் ஈஸ்வரி. இத்தனை சாமானை வெச்சுக்கிட்டு எங்க போறது?"

ஒரு கடைக்காரர் கடையை எடுத்துவிடலாம் என்று சொல்வது சும்மா வாயில் வருகிற சொல் அல்ல. அந்த ஊரில் யாரும் ஒரு சாக்கு மிளகாய் வாங்கப்போவதில்லை. அரிசியில் வண்டு விழும், பருப்பில் பூச்சி பிடிக்கும். தை பிறப்பதற்குள் கதவைச் சாத்த வேண்டியதுதான்.

"கெளம்புங்க," என்றேன் ஈஸ்வரியிடம்.

"எங்கீங்க?"

"குமரேசன பாக்க."

பாலம் வரை நடந்து, பஸ் பிடித்துத் திருச்செங்கோடு போனோம். பஸ்ஸில் எல்லாரும் வண்டிப் பேச்சுத்தான். முன் சீட்டில் ஒருவர், நாக்பூரில் எத்தனை அடியில் தண்ணீர் வருகிறது என்று பக்கத்து வீட்டுக் கிணற்றைப் பேசுகிற மாதிரி பேசிக்கொண்டு வந்தார். இறங்கியதும் மலை தெரிந்தது. பாதி ஆணும் பாதி பெண்ணுமாக நிற்கிற சாமி மேலே இருக்கிறார். கும்பிட்டுக்கொண்டேன். பசித்தது. தள்ளுவண்டியில் தட்டுவடை செட் வாங்கினோம். இரண்டு தட்டைக்கு நடுவில் பீட்ரூட்டும் சட்னியும் வைத்துத் தருகிறார்கள். ஆத்திரத்தோடு சாப்பிட்டும் ருசியாக இருந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

ஈஸ்வரியின் ஊர்க்காரரான குமரேசன் அங்கே ஆபீஸ் போட்டிருந்தார், ஏசி இருந்தது. எங்களைக் கண்டதும் எழுந்து நின்றார். "வாங்கக்கா, வாங்கம்மா, உக்காருங்க" என்று இளநீர் வரவழைத்தார். இப்படிப்பட்டவரிடம் எப்படிச் சண்டை போடுவது?

ஈஸ்வரி பேசுவார் என்று காத்திருந்தேன். அவர் குமரேசனின் குழந்தைகளை விசாரித்தார், அம்மாவின் மூட்டுவலியை விசாரித்தார். நானே ஆரம்பித்தேன்.

"பொரி குடுத்தியளே, ஏன்?"

"சாமி பிரசாதமுங்கம்மா. டயர் கடைக்குக் குடுத்தேன், பஞ்சர் கடைக்குக் குடுத்தேன். அது ஆர்டருங்களா?"

"உங்கப்பா காலத்துல அது ஆர்டரா, இல்லையா?"

"அது அந்தக் காலமுங்க." அவர் குரலை உயர்த்தவேயில்லை. "ஆடிட்டரு பில்லு கேக்கறாருங்க. ஜிஎஸ்டி பில் இல்லாட்டி கணக்குல ஏறாதுங்க. அக்கா கடைல துண்டுச் சீட்டுத்தான். மார்ட்டுல எல்லாம் கம்ப்யூட்டர் பில்லு, கொண்டாந்தும் குடுத்தர்றாங்க. நானும் பொழைக்கோணுமில்லீங்க?"

அவர் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிந்தது. பில் வேண்டும் என்று ஆயுத பூசைக்கு முன்னால் ஒரு வார்த்தை சொன்னால் வாயா வலிக்கும்? பொரித்தட்டைத் தூக்கிக்கொண்டு வரத் தெரிந்தவருக்கு அதைச் சொல்லத் தெரியாதா? நான் இதையெல்லாம் சொல்லத் தொடங்கும்போதே ஈஸ்வரி எழுந்துவிட்டார்.

"ஆகட்டுங்க. வாரனுங்க," என்று கும்பிட்டுவிட்டு நடந்தார்.

தெருவுக்கு வந்ததும் அவரைப் பிடித்துக்கொண்டேன். "என்னத்த ஆகட்டும்? கடை போகுது, ஆகட்டுங்கிய! உங்க ஊருல இல்லைங்கிறதுக்கு ஒரு வார்த்தையே கெடையாதா?"

"ஒரே ஊருல இருந்துக்கிட்டு மொகத்துக்கு நேரா எப்படிங்க சம்மந்தி?"

கையோடு அந்த மார்ட்டையும் பார்த்துவிடலாம் என்று உள்ளே நுழைந்தேன். கண்ணாடிக் கதவு தானாகத் திறந்தது. துணி சோப்பு வரிசையில் நின்று விலையைப் பார்த்ததும் எனக்குத் தலை சுற்றியது. ஏஜென்சிக்காரர்கள் எங்களுக்குக் கொள்முதலுக்கே கொடுக்கிற விலையைவிட அங்கே சில்லறை விலை குறைவு. அதே கம்பெனி, அதே சோப்பு. எங்களுக்கு மட்டும் ஆர்டர் சின்னது, வண்டி அனுப்பக் கட்டுப்படியாகாது, ஆப்பில் போடுங்கள் என்று ஆயிரம் சாக்கு. கம்பெனிக்காரர்கள் பெரிய இடத்தில் குனிந்து, எங்களிடம் நிமிர்ந்துகொள்கிறார்கள். பிறகு மேடையேறிச் சிறு வணிகர் வாழ்க என்கிறார்கள். எரிச்சலாக இருந்தது. நான் அந்த சோப்பில் ஒரு டஜன் வாங்கினேன். கடைக்காரி புத்தி, விலை குறைவாக இருந்தால் விட முடியவில்லை.

மூன்றாம் நாள் மத்தியானம். அரிசிம்பருப்புச் சோறு வெந்து, நெய் ஊற்றிச் சாப்பிட உட்கார்ந்தோம். வாசலில் ஒரு வேன் வந்து நின்றது. மார்ட்டின் பெயர் பெரிதாக எழுதியிருந்தது. டிரைவர் இறங்கி அட்டைப் பெட்டிகளை ஒவ்வொன்றாகத் தூக்கிக் கடைக்குள் வைக்கத் தொடங்கினார்.

"ஏய், நில்லுங்க! என்ன இது?" என்றேன்.

"குமரேசன் சார் வண்டிச் சாமானுங்கம்மா. வண்டி நிக்கற தோட்டத்துல ஆளு இல்லீங்க, பசங்க ஊட்டுக்குப் போயிருக்காங்களாமா. ஈஸ்வரியக்கா கடைல எறக்கிரு, நாளைக்கு எடுத்துக்கறோம்னு சாரு போன்ல சொன்னாருங்க."

அந்தம்மாவின் ஆர்டரைப் பிடுங்கி, அதை அந்தம்மாவின் கடையிலேயே காவலுக்கு வைக்கச் சொல்கிற துணிச்சல் ஒரு மனுஷருக்கு எங்கிருந்து வரும்? துணிச்சல்கூட இல்லை. அவருக்கு அது தப்பென்றே தோன்றவில்லை. அதுதான் கொடுமை. ஈஸ்வரியக்கா கடை என்றால் வைக்கிற இடம். அவ்வளவுதான் ஊருக்குத் தெரியும்.

"வெய்யிங்க," என்று ஈஸ்வரியின் வாய் பழக்கத்தில் சொல்லிவிட்டது. சோற்றுக்கையோடு எழுந்து வந்தவர் பின்னறை வாசலில் நின்றுவிட்டார். இடம் போதாமல் டிரைவர் ஒரு பெட்டியை அரிசி மூட்டைக்கு மேலேயே ஏற்றியிருந்தார். ஈஸ்வரி அதையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு கையைக் கழுவினார், முந்தானையை இழுத்துச் செருகினார்.

"எறக்குங்க."

"எறக்கிட்டுத்தானுங்க இருக்கறேன்."

"வெளிய எறக்குங்க. எங்க கடைல வெக்க முடியாதுங்க."

டிரைவர் முழித்தார். பெரியசாமி உள்ளிருந்து, "ஈஸ்வரி!" என்றார். ஈஸ்வரி திரும்பிப் பார்க்கவில்லை. கடைக்கு எதிரே பஸ் வராத நிழற்குடை ஒன்று இருக்கிறது. பெட்டிகள் எல்லாம் அங்கே போய்ச் சேர்ந்தன. அத்தோடு முடிந்தது என்று நினைத்தேன். ஈஸ்வரி திரும்பி வந்து மூலையில் கிடந்த பார்சல்களை அள்ளினார். அவற்றையும் கொண்டுபோய் நிழற்குடையில் வைத்தார். சாவிக் கொத்து, பத்திரிகைக் கட்டு, பால் கேன், சார்ஜில் இருந்த போன்கள், எல்லாம் போயின. நானும் அவரும் சேர்ந்து தையல் மிஷினைத் தூக்கினோம். என் இடுப்பு பிடித்துக்கொண்டது. ஆனால் அந்த மாதிரி ஒரு சந்தோஷம் எனக்குச் சமீபத்தில் வந்ததில்லை.

ஊர் கூடிவிட்டது. "என்னாச்சுங்கக்கா?", "எங்க சாவி எங்கீங்க?", "எம் போனு பாதி சார்ஜ்தானுங்க ஏறியிருக்குது!" ஆளாளுக்குக் கேட்டார்கள். அத்தனை பேரும் கவலைப்பட்டது தங்கள் சாமானைப் பற்றித்தான். கடைக்கு என்ன ஆயிற்று என்று ஒருவர் கேட்கவில்லை. எனக்கு அவர்களை நிற்க வைத்து ஏச வேண்டும்போல இருந்தது. ஊர்விட்டு ஊர் வந்தவள் என்று அடக்கிக்கொண்டேன்.

மாலையில் குமரேசன் காரில் வந்தார். நிழற்குடையில் இடம் போதாமல் ஓரத்தில் வைத்த இரண்டு பெட்டிகளின் அட்டை தூறலில் ஊறிப் பிய்ந்திருந்தது.

"என்னங்கக்கா இப்படிப் பண்ணிட்டீங்க? ஒரு நாளைக்கு வெச்சா என்னங்க ஆயிரும்?"

ஈஸ்வரி தராசுக்குப் பின்னால் நின்றார். குரல் கொஞ்சம் நடுங்கியது. மரியாதை மட்டும் குறையவில்லை.

"கடைல எடமில்லீங்க. உங்களுக்குன்னு வாங்குன அரிசி கெடக்குதுங்க."

நிழற்குடைப் பக்கம் நின்றவர்கள் கடை வாசலுக்கு நகர்ந்து வந்தார்கள். குமரேசன் பின்னறையைப் பார்த்தார். கூரை வரை அடுக்கிய மூட்டைகளை அப்போதுதான் பார்க்கிறார் போலிருக்கிறது. பழனிக்குப் போன் போட்டு ஆட்களை வரவழைத்துப் பெட்டிகளைத் தோட்டத்துக்கு அனுப்பினார். ஒரு மூட்டையாவது எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்வார் என எதிர்பார்த்தேன். சொல்லவில்லை. காரை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் பார்சல் தேடி வந்தவர்களில் தங்கவேல் என்று ஒருவர். பக்கத்துக் கோழிப்பண்ணையில் சூப்பர்வைசர். நிழற்குடையில் தன் பார்சலைப் பொறுக்கிக்கொண்டு, எதற்கு இந்தக் கூத்து என்று விசாரிக்கக் கடைக்குள் வந்தார். மூட்டைகளைப் பார்த்தார்.

"இத்தனை அரிசி இருக்குதுங்களா உங்ககிட்ட? ஒடிசா, ஜார்க்கண்ட் ஆளுக குடும்பத்தோட இருக்காங்கக்கா பண்ணைல. வாராவாரம் டவுனுக்கு வண்டி கட்டிட்டுப் போயி வாங்கியாறேன்."

எத்தனை வருஷமாக இந்த மனுஷர் பார்சல் எடுக்க இந்தக் கடைக்கு வந்துபோகிறார்! அரிசி விற்பது கண்ணில் படவில்லையாம். பட்டிருக்காது, பார்சல்களும் பால் கேன்களும் மறைத்துக்கொண்டு நின்றனவே.

"பில்லு குடுப்பீங்களா?" என்று அவரும் கேட்டார்.

ஈஸ்வரி என்னைப் பார்த்தார். நான் பெங்களூருக்குப் போன் போட்டேன். ஜிஎஸ்டி நம்பர் வாங்குகிற வேலையைத் தான் பார்த்துக்கொள்வதாக மருமகள் சொன்னாள். "இத்தனை நாளா எங்கிட்ட ஏம்மா கேக்கல?" என்று ஸ்பீக்கரில் அம்மாவுக்குத் திட்டும் விழுந்தது. தங்கவேல் அரிசியிலும் பருப்பிலும் பாதியை எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். கடுகெண்ணெய் வைத்தால் பண்ணை ஆட்கள் தாங்களே தேடி வருவார்கள் என்றும் சொன்னார். அந்த நாற்றம் கடைக்கு ஆகாது, தேயிலையைக் கெடுத்துவிடும் என்று ஈஸ்வரி முகத்தைச் சுளித்தார். கருவாட்டோடு சேர்த்துக் கொல்லையில் வையுங்கள் என்றேன்.

மிளகாயை நான் எடுத்துக்கொண்டேன். எங்கள் கடைக்குத்தான். விலை பேசியதில் சம்பந்திகள் இரண்டு பேருக்கும் வாய் வறண்டுவிட்டது. தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு அல்லவா? கொள்ளும் புளியும் எண்ணெய் டின்களும் அப்படியே கிடக்கின்றன. கடையை எடுக்கிற பேச்சைத் தை வரைக்கும் எடுக்க வேண்டாம் என்று பெரியசாமியிடம் சத்தியம் வாங்கினேன். தை வரைக்கும்தான் அவரும் கொடுத்தார்.

நான் ஊருக்குக் கிளம்பிய காலையில்தான் குமரேசனின் வண்டிகளும் கிளம்பின. மாலை போட்டு, சந்தனம் தெளித்து, மேலே மார்ட்டுப் பெட்டிகளைத் தார்ப்பாய் போட்டுக் கட்டியிருந்தார்கள். முன் வண்டி ஈஸ்வரி கடை வாசலில் ஹாரன் அடித்து நின்றது. நான் பையைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தேன். குமரேசன் இறங்கி வந்தார். வெள்ளை வேட்டி, நெற்றி நிறைய விபூதி. ஈஸ்வரியின் முகத்தைப் பார்க்காமல் தராசுத் தட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"அக்கா, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம்."

வண்டிச் சக்கரத்தில் வைத்து நசுக்கிவிட்டுப் போகத்தான். பெட்டி போட்டுக் கொடுத்தவர்களுக்கு இது தோன்றவில்லை போலிருக்கிறது. ஈஸ்வரி நல்ல பழமாகப் பார்த்து எட்டு எடுத்துக் கொடுத்தார். டிரைவர், பழனி, தூர தேசம் போகிற அத்தனை பேரும் லாரியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் பல்லைக் கடித்துக்கொண்டேன். இந்தம்மா திருந்தவே மாட்டார் என்று நினைத்தேன்.

குமரேசன் பழத்தோடு திரும்பினார்.

"நாப்பது ரூவாங்க," என்றார் ஈஸ்வரி.

அவர் நின்றார். "வண்டிக்கு வெக்கற பழத்துக்குமாங்கக்கா? எப்பவும் காசு வாங்க மாட்டீங்களே."

"இது கடைங்க," என்றார் ஈஸ்வரி. "விக்கறதுக்குத்தான் வெச்சிருக்கறேன்."

குமரேசன் பழங்களை ஒரு கைக்கு மாற்றிக்கொண்டு, சட்டைப் பையில் காசைத் தேடினார்.